ஆடிக் கொடைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை: வெப் ஒர்க்கரோடு பட்ட பாடு

வெப் ஒர்க்கர், அதாவது பக்கத்தின் கனமான வேலையைப் பிரௌசருக்குள்ளேயே தனியாகப் பின்னணியில் ஓட்டுகிற வசதி, என்று தேடினால் எல்லா இடத்திலும் அதே நாலு வரி நிரல்தான் கிடைக்கும். ஒரு ஃபைலில் வேலையை எழுது, இன்னொரு ஃபைலிலிருந்து அதைக் கூப்பிடு, செய்தி அனுப்பு, பதில் வாங்கு. அந்த நாலு வரி எனக்கும் முதல் தடவையே ஓடிவிட்டது. பாடெல்லாம் அதற்கப்புறம்தான். பாளையங்கோட்டையில் வீட்டு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிக் கேட்க ஆள் கிடையாது. 28,000 ரூபாய்க்குப் பேசிய வேலையில், எல்லாம் போக இன்றைக்குக் கையில் நிற்பது 5,500. அதிலும் இன்னும் பெட்ரோலைக் கழிக்கவில்லை. இதே மாதிரி ஒரு வேலையை ஒத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

வேலை கொடுத்தது திருநெல்வேலி டவுனில் ஓர் அச்சகம். இருபது வருஷமாகக் கோயில் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) நோட்டீஸ் அடிக்கிறவர்கள். சுத்துப்பட்டுக் கிராமங்களில் சுடலை மாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை வரும்போதெல்லாம் நோட்டீஸ் இங்கேதான். ஒவ்வொரு வருஷமும் அதே ஊர், அதே நிகழ்ச்சி நிரல், அதே வரிதாரர் (கொடைக்கு வரிப்பணம் கொடுக்கிறவர்கள்) பட்டியல். நாலு பெயர் மாறும், தேதி மாறும். பழைய நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி ஃபான்டில் கிடக்கிறது. அதை அப்படியே எடுத்து வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்ச் சேரும். ஏனென்றால் பாமினி மாதிரி ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தவை. ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். அவ்வளவையும் யூனிகோடுக்கு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறைக்கு) மாற்றி, ஊர் வாரியாகத் தேடுகிற மாதிரி ஒரு பக்கம் செய்து கொடுக்க வேண்டும். சர்வருக்கு எதுவும் போகக் கூடாது என்பது அச்சகத்து அண்ணாச்சியின் நிபந்தனை. “யாரு எவ்வளவு வரி குடுத்தான்னு எழுதுன கணக்கு தம்பி, அது எங்கேயும் வெளிய போய்க் கெடக்கக் கூடாது.” நியாயம்தான். ஆகவே எல்லாமே பிரௌசருக்குள் நடக்க வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் முடித்துக் கொடுப்பதாகப் பேச்சு. தேர் முடிந்து ஆடி பிறந்தால் கொடை நோட்டீஸ் வேலை தலைக்கு மேல் ஏறிவிடும்.

மாற்றும் நிரல் (இனி ‘மாற்றி’) பெரிய வித்தை இல்லை. இருநூற்றுச் சொச்சம் விதிகள். இந்த எழுத்துக் கோவை வந்தால் அந்தத் தமிழ் எழுத்தைப் போடு என்று ஒவ்வொன்றாக ஓட விட்டேன். ஒரு நோட்டீஸைக் கொடுத்தால் பட்டென்று மாற்றியது. ஒரு வருஷத்து நோட்டீஸ்களை ஒரே ஃபைலாக ஏற்றுமதி செய்து கொடுத்தபோது என் மெஷினில் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். அச்சகத்தில் இருந்ததோ ரெண்டு கோர், 4 ஜிபி ராம் உள்ள பழைய சிஸ்டம். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே போன். “தம்பி, சவம் அப்படியே நிக்கி. எதை அமுக்குனாலும் அசையமாட்டேங்கு.” பக்கம் பதிலளிக்கவில்லை, காத்திருக்கவா வெளியேறவா என்று குரோம் கேட்டிருக்கிறது, அவர் வெளியேறிவிட்டார். வேறென்ன செய்வார்.

ஏன் நிற்கிறது என்பதை அந்த அச்சகத்தை வைத்தே சொல்லலாம். கம்போஸ் பண்ணுகிற ஆளே கல்லாவிலும் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அவர் குனிந்து ஒரு நீளமான பட்டியலை அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். பிரௌசரில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது, பட்டன் அமுக்கியதைக் கவனிப்பது, திரையைத் திரும்ப வரைவது எல்லாமே மெயின் த்ரெட் என்கிற அந்த ஒரே ஆளின் வேலை. நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒரு தடவைக்கு 16 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். 50 மில்லிசெகண்டைத் தாண்டுகிற எந்த வேலையையும் நீண்ட வேலை என்றே குரோம் கணக்கில் வைக்கிறது. என் மாற்றியோ பல விநாடிகள் குனிந்த தலை நிமிராமல் ஓடியது. ‘மாற்றப்படுகிறது’ என்று ஒரு வரி காட்டச் சொல்லியிருந்தேன். அதுகூடத் திரையில் வரவில்லை. அதை வரைய வேண்டியவரும் அதே ஆள்தானே.

வெப் ஒர்க்கர் என்பது பின்னறையில் உட்கார்த்தி வைக்கிற இன்னொரு ஆள். முன்னால் கல்லா சும்மா இருக்கும், வருகிறவரைக் கவனிக்கும். ஆனால் பின்னறைக்காரருக்குக் கடை வாசல் தெரியாது. துண்டுச் சீட்டு எழுதி உள்ளே கொடுக்கலாம், வெளியே வாங்கலாம், அவ்வளவே.

நேராக அதற்குப் போகாமல் இடையில் ரெண்டு வழிகளில் சுற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட்டில் காத்திருக்கும் வேலைக்கான அசிங்க்-அவெய்ட் போட்டால் போதும் என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். போதாது. அவெய்ட் என்பது நெட்வொர்க்கிலிருந்தோ டிஸ்க்கிலிருந்தோ எதாவது வரும் வரை மெயின் த்ரெட்டைச் சும்மா விடும். கணக்குப் போடுகிற வேலை, எழுத்து மாற்றுகிற வேலையெல்லாம் அசிங்க் என்று பெயர் வைத்தாலும் அதே த்ரெட்டில்தான் ஓடும். இரண்டாவது, வேலையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் செட்-டைம்அவுட் என்ற டைமரைப் போட்டு மூச்சுவிட வைப்பது. இது நன்றாகவே ஓடியது. அச்சகத்துப் பையன் வாட்ஸ்அப் வெப் டேபுக்குப் போகும் வரை ஓடியது. டேப் பின்னால் போய்விட்டால் குரோம் அந்த டைமர்களை நொடிக்கு ஒரு தடவைதான் ஓட விடும். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88-லிருந்து, ஐந்து நிமிஷத்துக்கு மேல் மறைந்தே கிடக்கிற டேபில் இப்படிச் சங்கிலியாக ஓடும் டைமர்களை நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துவிட்டார்கள். பாட்டரி மிச்சம் பிடிக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பையன் புரூஃப் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வேலை போன இடத்திலேயே நிற்கும். என் வீட்டில் நான் அந்த டேபையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் இது கண்ணில் படவே வாய்ப்பில்லை. உங்கள் பக்கத்தைச் சோதிக்கும்போது வேறு டேபில் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நிஜத்தில் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

சரி, ஒர்க்கருக்கு மாற்றியாயிற்று. வீட்டில் ஓடியது. பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு, கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டி, ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி டவுனுக்குப் போய் ஃபைலை டபுள் கிளிக் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாதுகாப்புப் பிழை என்று கன்சோலில் (பிரௌசர் பிழைகளைக் காட்டும் இடத்தில்) சிவப்பாக ஒரு வரி. வீட்டில் நான் லோக்கல்ஹோஸ்ட்டில், ஒரு குட்டி சர்வர் வழியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். டபுள் கிளிக் செய்து திறக்கிற பக்கத்துக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. அதனால் பக்கத்திலேயே கிடக்கிற ஒர்க்கர் ஃபைலைக்கூட எடுக்கக் குரோம் மறுத்துவிடும். இதே விதி வேறு விதத்திலும் வந்து இடிக்கும்: பக்கம் ஒரு தளத்திலும் ஒர்க்கர் ஃபைல் வேறொரு தளத்திலும் இருந்தாலும் நடக்காது, ரெண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும். ஒர்க்கர் நிரலைப் பக்கத்துக்குள்ளேயே எழுத்தாக வைத்து, அதை ப்ளாப் (நினைவகத்திலேயே இருக்கும் ஃபைல் மாதிரி ஒன்று) ஆக்கி, அதன் முகவரியைக் கொடுத்து ஒர்க்கரை எழுப்புகிற குறுக்கு வழி இருக்கிறது. அன்றைக்கு அதைச் செய்துதான் மானத்தைக் காப்பாற்றினேன். ஆனால் அந்த ஒர்க்கருக்குள்ளிருந்து வேறு ஃபைலை இழுக்கப் பார்த்தால் பாதை குழம்பும், முழு முகவரி கொடுக்க வேண்டியிருக்கும். கடைசியில் சாதாரணமாக ஒரு ஹெச்டிடிபிஎஸ் இடத்தில் பக்கத்தை ஏற்றிவிட்டேன்.

உடனே அண்ணாச்சிக்குச் சந்தேகம்: வெளியே போகாது என்றாய், இப்போது இன்டர்நெட்டில் திறக்கிறதே? பக்கம்தான் இறங்குகிறது, உங்கள் ஃபைல் ஏறவில்லை என்று எவ்வளவு சொல்லியும் முகம் தெளியவில்லை. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மோடத்தின் ஒயரை அவர் கையாலேயே உருவச் சொன்னேன். ஒயரைக் கையில் பிடித்தபடியே ஒரு பழைய நோட்டீஸை மாற்றிப் பார்த்தார். மாறியது. “சரி, நடக்கட்டும்” என்றார். வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னறைக்காரருக்கு வாசல் தெரியாது என்றேன் அல்லவா, அது நிரலில் எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். பக்கத்தைத் தொட உதவும் எதுவும் ஒர்க்கருக்குள் இல்லை: டாக்குமென்ட் கிடையாது, விண்டோ கிடையாது, அலர்ட் கிடையாது. என் மாற்றி பழைய ஃபைல்களில் இருந்த குறியீடுகளைப் பிரிக்க ஒரு டெக்ஸ்ட்ஏரியாவை உருவாக்கி அதில் போட்டு எடுக்கிற தந்திரத்தைப் பயன்படுத்தியது, அது செத்தது. ஹெச்டிஎம்எல்லைப் பிரிக்கிற டாம்பார்சரும் அங்கே இல்லை. ஊர் வாரியான அமைப்புகளை லோக்கல்ஸ்டோரேஜ் என்ற பிரௌசர் சேமிப்பில் வைத்திருந்தேன்; அதுவும் ஒர்க்கருக்குக் கிடைக்காது. ஃபெட்ச் உண்டு, டைமர் உண்டு, இன்டெக்ஸ்ட்-டிபி (பிரௌசருக்குள் இருக்கும் தரவுத்தளம்) உண்டு, இன்டில் (மொழிக்கேற்ற வரிசை மாதிரி வேலைகளுக்கு) உண்டு. அமைப்புகளைச் செய்தியோடு சேர்த்து அனுப்பிவிடுவோம் என்று பார்த்தால் டேட்டா-குளோன் பிழை, அதாவது இதை நகல் எடுக்க முடியாது என்ற பிழை. அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு ஃபங்க்ஷன் ஒளிந்திருந்தது. ஃபங்க்ஷனை ஒரு த்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப முடியாது. கிளாஸ் வைத்து உருவாக்கிய ஆப்ஜெக்ட்டை அனுப்பினால் பிழை வராது, ஆனால் மறுபக்கம் வெறும் தரவு மட்டும் போய்ச் சேரும், மெத்தட் எல்லாம் உதிர்ந்திருக்கும். பிழை காட்டாமல் உதிர்வதுதான் மோசம். எண், எழுத்து, பட்டியல் என்று வெறும் தரவை மட்டும் அனுப்புவது என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அனுப்புவது என்றால் நகல் எடுப்பது. பெரிய எழுத்துக் கோவையை, செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜில் கொடுத்தால் அதற்கு முழு நகல் ஒன்று உருவாகும். பதில் வரும்போது அதற்கும் ஒரு நகல். 4 ஜிபி மெஷினில், பேஜ்மேக்கரும் திறந்திருக்கும்போது, இது தெரியத்தான் செய்யும். அரே-பஃபராக (வெறும் பைட்டுகளின் தொகுப்பாக) இருந்தால் நகல் எடுக்காமல் கைமாற்றிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்த பிறகு நம் பக்கம் இருக்கும் பஃபர் காலியாகிவிடும், நீளம் பூஜ்யம் என்று காட்டும். கொடுத்ததை மறுபடியும் தொடாதீர்கள். இதையெல்லாம் படித்துச் செய்து முடித்த பிறகுதான் இதைவிடச் சுலபமான ஒன்று தெரிந்தது: பயனர் தேர்ந்தெடுத்த ஃபைல் ஆப்ஜெக்ட்டையே படிக்காமல் அப்படியே ஒர்க்கருக்கு அனுப்பலாம். உள்ளே இருப்பதை நகல் எடுக்காது. ஒர்க்கர் அதைத் தன் பக்கமே படித்துக்கொள்ளும். மெயின் த்ரெட்டுக்கு வேலையே இல்லை.

அதில் ஒரு கண்ணி. ஃபைலை டெக்ஸ்ட் என்று நேரடியாகப் படித்தால் பிரௌசர் எப்போதுமே யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்றுதான் எடுத்துக்கொள்ளும். பேஜ்மேக்கர் காலத்து ஃபைல்கள் அப்படி எழுதப்பட்டவை இல்லை. பெரும்பாலான எழுத்துகள் சாதாரண ஆங்கில இடங்களில் இருப்பதால் சரியாக வரும், 128-க்கு மேலே உட்கார்ந்திருக்கும் சில எழுத்துகள் மட்டும் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமாக மாறிவிடும். நூறு வரியில் ரெண்டு மூன்று இடத்தில் மட்டும் ஓட்டை விழுவதால் விதிப் பட்டியலில்தான் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்துப் பல ராத்திரிகள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். பைட்டுகளாகப் படித்து, விண்டோஸ்-1252 (பழைய விண்டோஸ் எழுத்து முறை) என்று, பைட்டை எழுத்தாக்கும் டெக்ஸ்ட்-டிகோடருக்குச் சொன்னதும் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பழைய தமிழ் ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிற யாருக்காவது இந்த ஒரு வரி மட்டும் உதவினாலும் போதும்.

ஒர்க்கருக்குப் போன பிறகும் பக்கம் ஒரு தடவை உறைந்தது. எப்படி என்கிறீர்களா? ஒவ்வொரு வரி முடிந்ததும் ‘இத்தனாவது வரி முடிந்தது’ என்று ஒர்க்கர் செய்தி அனுப்பியது, ஒவ்வொரு செய்திக்கும் மெயின் த்ரெட் முன்னேற்றப் பட்டையைத் திரும்ப வரைந்தது. வேலை பின்னறைக்குப் போனாலும் சீட்டு வெள்ளமாக முன்னால் வந்து கொட்டியது. நூறு மில்லிசெகண்டுக்கு ஒரு செய்தி போதும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதே மாதிரி, ‘நிறுத்து’ பட்டனும் வேலை செய்யவில்லை. நிறுத்தச் சொல்லி அனுப்பிய செய்தி ஒர்க்கரின் வாசலில் போய்க் காத்துக்கிடக்கும். அது தன் லூப்பை முடித்துவிட்டுத்தான் அடுத்த செய்தியை எடுத்துப் பார்க்கும். உடனே நிற்க வேண்டுமென்றால் டெர்மினேட் செய்து ஆளையே அனுப்பிவிட வேண்டும், அடுத்த வேலைக்குப் புதிதாக ஒன்றை எழுப்ப வேண்டும். இல்லை, வேலையைத் துண்டாக்கி நடுநடுவே செய்தி பார்க்க இடம் விட வேண்டும். நான் டெர்மினேட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது பணம் போன இடத்துக்கு வருகிறேன். ஓர் ஒர்க்கரே இவ்வளவு செய்கிறதே, ரெண்டு மூன்று வைத்தால் இன்னும் வேகமாகுமே என்ற ஆசை யாருக்கும் வரும். மெஷினில் எத்தனை கோர் இருப்பதாகப் பிரௌசர் சொல்கிறதோ அத்தனை ஒர்க்கர் வைப்பது என்று ஓர் எழுதாத வழக்கம் இருக்கிறது. ஃபைலைச் சம பாகமாக வெட்டி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். முதலில் கண்ணில் பட்டது திருநெல்வேலிதான். பாமினியில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். ‘வே’ என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் வ. வெட்டு சரியாக அந்த ரெண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. முதல் ஒர்க்கருக்குக் கொம்பு கிடைத்தது, எழுத்து கிடைக்கவில்லை. இரண்டாவதுக்கு எழுத்து கிடைத்தது, கொம்பு கிடைக்கவில்லை. ரெண்டையும் ஒட்டினால் ‘திருநெல்’, அப்புறம் புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அநாதையாக ஓர் இரட்டைக்கொம்பு, அதற்கப்புறம் ‘வலி’. பையன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டுச் சிரிப்பு பொம்மை ஒன்றும் சேர்த்து அனுப்பினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் எழுத்தை நடுவில் எங்கும் வெட்டக் கூடாது, வரி முடிகிற இடத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டும். யூனிகோடிலும் இதே கதைதான். உயிர்மெய் நமக்கு ஒரே எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பெரும்பாலும் ரெண்டு. கூடவே, மாற்றி முடித்ததும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே எழுத்தை எங்கும் ஒரே விதமாக எழுத வைத்துவிடுங்கள். ‘கொடை’யில் இருக்கும் ‘கொ’வை ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம், திரையில் ரெண்டும் ஒன்று, தேடும்போது வேறு வேறு.

கொம்பு கண்ணில் பட்டது, சரிசெய்தேன். கண்ணில் படாதது இன்னொன்று. ஒர்க்கர்கள் அனுப்பிய வரிசையில் முடிக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எது முதலில் முடிகிறதோ அதன் பதில் முதலில் வரும். என் வீட்டு மெஷினில் எப்போதும் வரிசையாகவே வந்துகொண்டிருந்தது. அச்சகத்தில் முதல் பாதி கனமாக இருந்த ஒரு ஃபைலில் இரண்டாம் பாதி முந்திவிட்டது. வந்த வரிசையில் ஒட்டியதால் பட்டியலின் பின்பாதி மேலேயும் முன்பாதி கீழேயுமாகிவிட்டது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. புரூஃப் பார்த்தவருக்கும் தெரியவில்லை. ஆயிரம் நோட்டீஸ் கலரில் அடித்து ஊருக்கும் போயாயிற்று. கொடை நோட்டீஸில் யார் பெயர் எதற்குக் கீழே வருகிறது என்பது விளையாட்டு இல்லை. பரம்பரை அக்தார் (கோயிலில் பரம்பரை உரிமை உள்ளவர்) பெயர் எங்கே, வரி கூடுதலாகக் கொடுத்த குடும்பம் எங்கே என்று ஊரில் அடிதடி வரை போயிருக்கிறது. “தம்பி, ஊர்க்காரங்க வந்து கடையில நிக்காங்க. அக்தார் பேரு அடியில போய்க் கெடக்கு” என்று அண்ணாச்சி சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. மறுபடியும் அடித்துக் கொடுத்தார். பேப்பர், பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாயை என் கணக்கில் கழித்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருந்து சின்னதுதான். அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடு, பதிலோடு அந்த எண்ணையும் திருப்பி வாங்கு, எல்லாம் வந்து சேர்ந்த பிறகு எண் வரிசையில் அடுக்கு. ஒரே ஒர்க்கர் வைத்திருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். நாளைக்கு ரெண்டாக்க மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம். கூடவே மூலத்தில் எத்தனை வரி, முடிவில் எத்தனை வரி, முதல் வரியும் கடைசி வரியும் ஒத்துப்போகிறதா என்று பக்கமே பார்த்துச் சொல்ல வேண்டும். ஆள் புரூஃப் பார்ப்பார் என்று விடாதீர்கள். அவர் எழுத்தைப் பார்ப்பார், வரிசையைப் பார்க்க மாட்டார்.

இதற்கு மேல் என் வீட்டு மெஷினை நம்புவதில்லை என்று வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் பழைய லேப்டாப் ஒன்று 9,500 கொடுத்து வாங்கினேன். அச்சகத்து சிஸ்டம் மாதிரியே ரெண்டு கோர், அதே ராம். செலவுதான், ஆனால் அதற்கப்புறம் வந்த பிழைகள் எல்லாம் டவுனுக்குப் போகாமல் மாடியிலேயே பிடிபட்டன. அதில் பார்த்தபோதுதான் ரெண்டு கோர் மெஷினில் மூன்று நாலு ஒர்க்கர் வைப்பதில் ஒரு பைசா லாபமும் இல்லை என்று புரிந்தது. ஒவ்வொரு ஒர்க்கருக்கும் தனி ஜாவாஸ்கிரிப்ட் சூழல், தனி நினைவகம். எழுப்பவும் நேரம் ஆகும். ஒன்றே ஒன்றை எழுப்பி வைத்துக்கொண்டு வேலையை வரிசையாகக் கொடுப்பதுதான் அங்கே சரியாக வந்தது.

அப்புறம்தான் மாற்றியைத் திரும்ப உட்கார்ந்து எழுதினேன். இருநூற்றுச் சொச்சம் விதியும் முழு ஃபைலையும் தலையிலிருந்து கால் வரை தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தன. அதை விட்டுவிட்டு, ஃபைலை ஒரே ஒரு தடவை நடந்து, ஒவ்வோர் இடத்திலும் பொருந்துகிற மிக நீளமான கோவையை மேப் என்ற அட்டவணையில் பார்த்து எடுக்கிற மாதிரி மாற்றினேன். எந்த ஒர்க்கரும் கொடுக்காத வேகம் அதில் கிடைத்தது. முன்பு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டுக் காத்திருந்த ஃபைல், இப்போது பட்டனிலிருந்து விரல் எடுப்பதற்குள் முடிகிறது. ஒர்க்கர் வேலையை வேகமாக்காது, திரையை உறைய விடாமல் காக்கும். அவ்வளவுதான் அதன் பொறுப்பு. அதனால் முதலில் டெவலப்பர் டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். அதில் நீளமாக நிற்கிற பட்டை உங்கள் நிரலா, திரையை வரைவதா என்று தெரிந்த பிறகு ஒர்க்கரைப் பற்றி யோசிக்கலாம். திரையை வரைவதுதான் தாமதம் என்றால் ஒர்க்கரால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. என் விஷயத்தில் வேகம் வந்த பிறகும் ஒர்க்கரை எடுக்கவில்லை. இருபது வருஷ ஃபைலையும் ஒரே மூச்சில் கொட்டுகிற நாள் ஒன்று வரும் என்று தெரியும், வந்தது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஒர்க்கருக்குள் ஒரு ப்ராமிஸ் (பின்னால் முடியப்போகிற வேலை) பிழையாகி அதை யாரும் பிடிக்கவில்லையென்றால், பிழையைப் பிடிக்க மெயின் பக்கத்தில் வைத்திருக்கும் ஆன்-எரருக்கு அது வந்து சேராது. ‘மாற்றப்படுகிறது’ என்று திரை பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒர்க்கருக்குள்ளேயே எல்லாவற்றையும் பிடித்து, பிழையையும் ஒரு சாதாரணச் செய்தியாக அனுப்பிவிடுவது நல்லது. அடுத்தது கேஷ், அதாவது பிரௌசர் சேமித்து வைத்துக்கொள்ளும் பழைய நகல்: பக்கத்தைப் புதுப்பித்தேன், பிரௌசர் பழைய ஒர்க்கர் ஃபைலையே வைத்துக்கொண்டது, புதுப் பக்கம் கேட்டது பழைய ஒர்க்கருக்குப் புரியவில்லை. ஒர்க்கர் ஃபைலின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துவிட்டால் இது தீரும். அப்புறம், பின்னணியில் ஓடும் என்று நான் சொன்னதைக் கேட்டு அண்ணாச்சியின் மகன் போனில் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டு டேபை மூடிவிட்டான். பக்கம் மூடினால் ஒர்க்கரும் போச்சு. போனில் திரையை அணைத்தாலே டேபை உறைய வைக்கவோ தூக்கிப்போடவோ சிஸ்டத்துக்கு உரிமை உண்டு. சர்வீஸ் ஒர்க்கர் வைத்தால் மூடிய பிறகும் ஓடுமே என்று ஒருவர் சொன்னார். அது வேறு பிறவி: நெட்வொர்க் கேட்பு, கேஷ், அறிவிப்பு மாதிரி எதாவது வரும்போது எழுந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போகிற ஆள். சும்மா இருந்தாலும், ஒரே வேலையை இழுத்துக்கொண்டே போனாலும் பிரௌசர் அதை நிறுத்திவிடும். நீளமான கணக்கு வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள்.

பட்டியலை அகர வரிசையில் அடுக்கும் வேலையும் கடைசியில் ஒர்க்கருக்கே போயிற்று. யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் ன, நவுக்கு அடுத்து வந்து நிற்கும், நம் வரிசைப்படி அது கடைசியில் அல்லவா வர வேண்டும். இன்டில் கொலேட்டரை (எழுத்து வரிசைப்படி ஒப்பிடும் கருவியை) தமிழுக்கு என்று ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் லோக்கேல்-கம்பேர் என்ற ஃபங்க்ஷனைத் தனியாகக் கூப்பிட்டால் நீளமான பட்டியலில் இழுக்கும்.

தேரோட்டத்துக்கு முன் என்று சொன்ன வேலை, ரத வீதியில் தேர் நிலைக்கு வந்து, ஆடியும் பாதி ஓடிய பிறகுதான் முடிந்தது. அந்த நேரத்தில் தென்காசிப் பக்கம் வந்த இன்னொரு வேலையையும் விட்டேன். கணக்கு இப்படி: அட்வான்ஸ் 10,000, நடுவில் 5,000 வந்தது, 6,500 கழிந்தது, மீதி 6,500 இன்னும் அவரிடம். காலண்டர் வேலை முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தருவார், அந்த நம்பிக்கை இருக்கிறது. போன வாரம் கூப்பிட்டு, வேறொரு பழைய ஃபான்டில் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடக்கிறது, அதையும் மாற்றித் தர எவ்வளவு ஆகும் என்று கேட்டார். எழுத்துப் பட்டியல் தயாரிக்க ஒரு தொகை, மாற்றுவதற்கு ஒரு தொகை, பாதிப் பணம் முன்னால், அச்சுக்குப் போகும் முன் வரிசையைச் சரிபார்த்து அவர் தரப்பில் ஒருவர் கையெழுத்து என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.